கடைசி வரிசையின் வெளிச்சம்

எங்கள் பள்ளியில் காலையிலேயே பிள்ளைகளின் கைபேசிகளை வாங்கிப் பெட்டியில் பூட்டத் தொடங்கிய இலையுதிர் காலத்தில்தான் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். வடகோடி நகரமான ட்ரோம்சோவில் இயற்பியல் முடித்த கையோடு எங்கள் தீவுக்குத் திரும்பியிருந்தேன். ஒரு வருஷத்துக்குத் தற்காலிக வேலை. பத்தாம் வகுப்புக்கு அறிவியல்.

முந்தின வருஷம் வரை பாடத்தைத் திருப்பிப் பார்ப்பதென்றால் அவர்களுக்குக் கைபேசி வினாடி வினாதான். சுவர்த் திரையில் கேள்வி வரும், கையில் நான்கு நிறப் பொத்தான்கள் இருக்கும். சரியாகவும் சீக்கிரமாகவும் அழுத்துகிறவர்களுக்குப் புள்ளி அதிகம். சொந்தப் பெயரில் ஒருவரும் விளையாட மாட்டார்கள். தோற்றாலும் ஜெயித்தாலும் முகம் தெரியாது.

"நீ லேட்டா வந்துட்ட, ரூனா," என்று முதல் வாரமே எஸ்கில் எனக்காக வருத்தப்பட்டான். வகுப்பில் வாய் ஓயாத ஒரே ஆள் அவன்தான். எங்கள் ஊரில் ஆசிரியரானாலும் தலைமையாசிரியரானாலும் பெயரும் 'நீ'யும்தான். "போன வருஷம் இந்த வகுப்புல உயிர் இருந்துச்சு. கடலட்டை இருந்துச்சு."

"கடலட்டையா?"

"அந்தப் பேர்ல யாரோ விளையாடுவாங்க. எப்பவும் முதல் மூணு இடத்துக்குள்ளதான் வரும். யாருன்னு கடைசி வரைக்கும் தெரியல. நான்தான்னு சொல்லிப் பாத்தேன். ஒருத்தரும் நம்பல."

"எப்படி நம்புறது? நீ இடியா மின்னலா, எது முதல்ல வரும்னு பந்தயம் கட்டித் தோத்தவன்," என்றாள் பக்கத்திலிருந்த மார்தே.

கைபேசி போனதும் விளையாட்டும் போனது. நான் கேள்வி கேட்டால் பத்தொன்பது பேரும் மேஜையைப் பார்ப்பார்கள். தெரியாமல் இல்லை. எங்கள் ஊரில் கையைத் தூக்கி 'எனக்குத் தெரியும்' என்று சொல்வது, எல்லோரையும் விட நான் உசத்தி என்று சொல்வது மாதிரி. அதைவிடத் தெரியாதவர்களோடு சேர்ந்து சும்மா இருப்பது சௌகரியம். என் குரலும் அவர்களை எழுப்பும் குரல் இல்லை. மூன்றாவது வரிசையைத் தாண்டாது. அது எனக்கே தெரியும்.

அவர்களில் இல்வா என்றொரு பெண். ஜன்னல் ஓரம் கடைசி இருக்கை. தேர்வுத் தாளைக் கொடுத்தால் மேலே பெயரை எழுதுவாள். அதோடு சரி, நேரம் முடியும்வரை பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வாய்மொழியாகக் கேட்டால் கழுத்து சிவக்கும், பதில் வராது. நவம்பர் கடைசியில் தலைமையாசிரியர் ஹால்கெய்ர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"இல்வாவுக்கு மதிப்பெண் போட உன்கிட்ட என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப எச்சரிக்கைக் கடிதம் அனுப்பணும். மதிப்பிட எதுவும் இல்லைன்னு. விடுமுறைக்கு முன்னாடி போகணும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. முப்பது வருஷம் சமூகவியல் சொல்லிக்கொடுத்தவர், சனிக்கிழமைகளில் கால்பந்து நடுவர். "அந்தப் பொண்ணு மீன் வளர்ப்புப் பிரிவுக்குத்தான் விண்ணப்பிக்கப் போகுது. அறிவியல்ல மதிப்பெண் இல்லாம அங்க இடம் கிடைக்காது. எனக்கும் பிடிக்கல, ரூனா. ஆனா காத்துல மார்க் போட முடியாது."

மறுநாள் காலை ஆசிரியர் அறை ஜன்னலில் காபியோடு நின்றிருந்தேன். குளிர்காலத்தில் இரண்டு மாதம் எங்கள் ஊரில் சூரியன் உதிக்காது; அது எங்களை விட்டுப் போய் ஒரு வாரம் ஆகியிருக்கும். சரிவுப் பாதையில் பிள்ளைகள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ஆட்கள் தெரியவில்லை. ஒவ்வொருவர் நெற்றியிலும் கட்டியிருந்த தலைவிளக்கு மட்டும் வரிசையாக ஆடி ஆடி வந்தது. எல்லோரிடமும் இருக்கும் பொருள். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் வெள்ளை, அழுத்திப் பிடித்தால் சிவப்பு.

காபி ஆறும்வரை அங்கேயே நின்றேன்.

வெள்ளிக்கிழமை முதல் பாடவேளைக்கு எல்லோரையும் வெளியே கூட்டிப்போனேன். மைதான விளக்கை அணைக்கச் சொல்லியிருந்தேன். மூன்று வரிசையாக என்னைப் பார்த்து நிற்க வேண்டும். நான் ஒரு வாக்கியம் சொல்வேன். சரி என்றால் வெள்ளை, தப்பு என்றால் சிவப்பு. விசில் அடிக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம். வேகத்துக்குப் புள்ளி கிடையாது. எல்லோரும் ஒரே பக்கம் பார்ப்பதால் ஒருவர் நெற்றி இன்னொருவருக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

"இந்தக் குளிர்ல எதுக்கு?" என்றான் எஸ்கில்.

"வகுப்பு மொத்தமும் நல்லாப் பண்ணினா அடுத்த வாரம் வாஃபிள் சுட்டுத் தரேன்."

"பழுப்புப் பாலாடைக்கட்டி போட்டா?"

"போட்டுத்தான்."

"அப்ப குளிரல," என்றான்.

இல்வா கடைசி வரிசையின் வலது ஓரத்தில் போய் நின்றாள். நான் எதிர்பார்த்த இடம்தான்.

முதல் நாள் சிவப்பும் வெள்ளையும் கலந்தே வந்தன. இரண்டாவது முறை வெளியே போனபோது தப்புகள் குறைந்தன. மூன்றாவது முறை ஒன்றுகூட இல்லை. கேள்வி சொன்னதும் விளக்குகள் கொஞ்ச நேரம் தயங்கும். பிறகு ஒரே நிறமாகும், சரியான நிறமாக. அன்று நான் ஆசிரியர் அறையில் எனக்குக் கொஞ்சம் பெரிதான குரலில் பேசினேன். மதியம் பலசரக்குக் கடையில் வாஃபிள் மாவு வாங்கிவந்தேன்.

திங்கட்கிழமை அதே கேள்விகளில் நாலைந்தை வகுப்பறையில் எழுதச் சொன்னேன். பாதிப் பேர் தப்பு.

மாவுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. அடுத்த முறை மைதானத்தில் எதிரே நிற்காமல், பனி அகற்றும் வண்டி ஓரமாக ஒதுக்கிவைத்த குவியலின் மேல் ஏறி நின்றேன். உயரத்திலிருந்து பார்த்ததும் புரிந்துவிட்டது. இயற்பியல் படித்தவள் முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். நான் நெற்றிகளைத்தான் மறைத்தேன். தரை முழுக்கப் பனி. பனி எந்த வெளிச்சத்தையும் மறைக்காது, வாங்கி எல்லாப் பக்கமும் இறைத்துவிடும். முன்னால் நிற்பவர்களுக்குப் பின்னால் எரியும் விளக்கு தெரியாது. ஆனால் அதன் நிறம் அவர்கள் காலடியில் வந்து விழும்.

அடுத்த கேள்வியைச் சொல்லிவிட்டு விளக்குகளைப் பார்க்காமல் பனியைப் பார்த்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். வலது மூலையிலிருந்து ஒரே ஒரு வெள்ளைப் பட்டை, இரண்டு பேருக்கு நடுவே நுழைந்து முன்வரிசையைத் தாண்டி நீண்டது. அப்புறம்தான் மற்ற விளக்குகள் ஒவ்வொன்றாக வெள்ளையாகின. அடுத்த கேள்விக்கும் அப்படியே. அதற்கடுத்த கேள்விக்கும்.

யார் கண்ணிலும் படக்கூடாதென்று கடைசி வரிசைக்குப் போனவளின் வெளிச்சம்தான் எல்லோர் முன்னாலும் விழுந்துகொண்டிருந்தது.

மணி அடித்ததும் எஸ்கிலை நிறுத்தினேன்.

"யாரைப் பாத்து அழுத்துறீங்க?"

"யாரையும் பாக்கல."

"தரையை?"

அவன் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினான். "பின்னாடி வலது பக்கத்து வெளிச்சம் தப்பே பண்ணாது, ரூனா. ரெண்டாவது வாரமே எல்லாரும் கண்டுபிடிச்சிட்டோம்."

"அது யாருன்னு தெரியுமா?"

"தெரியாம இருக்குமா? ஆனா அவகிட்ட யாரும் சொல்லல. சொன்னா நாளைலேர்ந்து விளக்கையே அணைச்சிடுவா." கொஞ்சம் யோசித்தான். "வாஃபிள் போச்சா?"

"போச்சு."

"நியாயம்தான்," என்றான்.

நேராக ஹால்கெய்ரிடம் போனேன். கேட்டு முடித்ததும் நாற்காலியில் சாய்ந்தார்.

"வகுப்பே காப்பி அடிக்குது. அதுல ஒருத்தி மட்டும் அடிக்கலங்கிற."

"மத்தவங்க அவளைப் பாத்துத்தான் அடிக்கிறாங்க."

"நீ குவியல் மேல நின்னு பாத்தே. நான் நம்புறேன். ஆனா என் மேஜைக்கு வேற யாரோட அப்பாவாவது வந்து, 'என் பையனுக்கு மட்டும் ஏன் கடிதம்'னு கேட்டா நான் பனியைக் காட்ட முடியாது." விரலால் மேஜையைத் தட்டினார். "வெள்ளிக்கிழமை கடிதமெல்லாம் தபாலுக்குப் போகுது. அன்னைக்குக் காலைல நானே வரேன். ஒருத்தர் வெளிச்சம் இன்னொருத்தருக்குத் தெரியாதபடி நடத்து. அதுல அவ தேறட்டும். அப்புறம் பேசுவோம்."

பனி இல்லாத இடம் டிசம்பரில் எங்கே இருக்கிறது? வீட்டுக்கு நடந்து போகும்போது கடல்தான் பதில் சொன்னது. பள்ளிக்குக் கீழே படகுத்துறை. எதிரே, சின்னத் துறைமுகத்தின் அந்தக் கரையில், அலைத்தடுப்புச் சுவர். நடுவே கறுப்புத் தண்ணீர். அசையாத தண்ணீர் வெளிச்சத்தைப் பனி மாதிரி இறைக்காது. எதிர்ப்பக்கம் அனுப்பிவிடும். துறையில் ஒரே வரிசையாக நிற்கிறவர்களுக்குத் தங்கள் நிறம்கூடத் தெரியாது. சுவரின் மேல் நிற்கிற எனக்கு எல்லாம் தெரியும்.

வியாழக்கிழமை, மற்றவர்கள் சாப்பிடப் போனபின், இல்வா பையில் ரொட்டிப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். எனக்கும் சட்டென்று பேச்சு வராது. இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நாளைக்கு ஹால்கெய்ர் வரார்," என்றேன். "உன்னைப் பாக்கத்தான். மறைக்க விரும்பல."

"கடிதத்துக்காகவா?"

"ஆமா. நல்லாப் பண்ணினா கடிதம் போகாது. வேண்டாம்னா சொல்லு, வேற வழி யோசிப்போம்."

ரொட்டிப் பெட்டியின் மூடியைத் திறந்து, திரும்ப மூடினாள். "விளையாடுறேன். பேசச் சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"வாக்கா?"

"வாக்கு."

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு நட்சத்திரம் இருந்தது. காற்று இல்லை. பனியைத் தள்ளிச் சுத்தமாக்கியிருந்த துறையின் கம்பிக்குப் பின்னால் கை நீளம் இடைவெளிவிட்டு அவர்களை நிறுத்தினேன். எல்லோரும் மேலங்கியின் முக்காட்டை இழுத்துவிட வேண்டும், பக்கத்தில் பார்க்கக்கூடாது. இல்வா வலது கோடியில். பிறகு நானும் ஹால்கெய்ரும் சுற்றிக்கொண்டு சுவருக்குப் போனோம். எஸ்கில் கால்பந்துக்குக் கொண்டுபோகும் கைஒலிபெருக்கியை எனக்குக் கொடுத்திருந்தான். "உன் குரலுக்கு இது பத்தாது," என்று சொல்லித்தான் கொடுத்தான். ஹால்கெய்ர் கழுத்தில் நடுவர் விசில். நெற்றியில் வேட்டைக்குப் போகும்போது கட்டும் பெரிய விளக்கு, அணைந்திருந்தது.

"உப்புத் தண்ணி, நல்ல தண்ணியை விட அதிகக் குளிர்லதான் உறையும்."

எதிர்க்கரையில் விளக்குகள் எரிந்தன. இந்த முறை அலை மாதிரிப் பரவவில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிவப்பும் வெள்ளையும். ஒவ்வொரு விளக்கும் தண்ணீரில் ஒரு கோடு போட்டு எங்கள் காலடிவரை நீண்டது. முதன்முறையாக அவர்கள் சொந்தமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் வெள்ளை. நான் பயந்ததைவிட நன்றாக இருந்தது. கோடி விளக்கும் வெள்ளை.

"வெற்றிடத்துல ஒலி போகும்." கோடி விளக்கு சிவப்பு.

"தண்ணி அதிக அடர்த்தியா இருக்கிறது பூஜ்யம் டிகிரியில." அரை வரிசை வெள்ளை. கோடி விளக்கு சிவப்பு.

"இதுவும் சரியா?" என்று ஹால்கெய்ர் மெதுவாகக் கேட்டார்.

"சரி. நாலு டிகிரியிலதான். அதனாலதான் ஏரி அடிவரைக்கும் உறையாது."

"ம்," என்றார். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் கொஞ்சம் குனிய ஆரம்பித்திருந்தார். உதடு அசைந்தது. அவரும் விளையாடுகிறார் என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

கோடி விளக்கு ஒருமுறைகூடத் தவறவில்லை. கடைசிக் கேள்வியை வேண்டுமென்றே வைத்திருந்தேன். பாடத்தை மனப்பாடம் செய்தவரும் தடுக்கிவிழும் இடம் அது.

"இதோ இந்த நிமிஷம், நம்ம பூமி, ஜூன் மாசத்துல இருந்ததை விட சூரியனுக்குப் பக்கத்துல இருக்கு."

எதிர்க்கரையில் சிரிப்பு எழுந்தது. "இது இலவசம்," என்று எஸ்கில் கத்துவது கேட்டது. சிவப்பு விளக்குகள் படபடவென்று வந்தன. நடுவில் இரண்டு மூன்று வெள்ளை. கோடியிலும் வெள்ளை.

"அட, இது எனக்கே தெரியும்," என்று முணுமுணுத்துக்கொண்டே ஹால்கெய்ர் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனார். நான் தடுப்பதற்குள் வேட்டை விளக்கு எரிந்தது. சிவப்பு.

எல்லோரும் எங்களைப் பார்த்துத்தான் நின்றிருந்தார்கள். காப்பி அடிக்கக்கூடாதென்று சொன்ன தலைமையாசிரியரே, துறைமுகம் முழுக்கத் தெரியும்படி விடையைக் காட்டிக்கொண்டு நின்றார். தப்பான விடையை. நடுவிலிருந்த வெள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவப்பாகின.

கோடியில் ஒரு வெள்ளை மிஞ்சியது.

அவள் கை நெற்றிக்கு ஏறுவதைப் பார்த்தேன். விளக்கு ஒரு கணம் விரல்களுக்குப் பின்னால் மங்கியது. இத்தனை வாரமும் அவள் தனியாக நின்றதில்லை. அவள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள், அவளுக்கு அது தெரியாவிட்டாலும். இப்போது எதிரே தலைமையாசிரியர் சிவப்பு. பக்கத்திலெல்லாம் சிரிப்பு. தண்ணீரில் சிவப்புக் கோடுகளுக்கு ஓரத்தில் அந்த ஒற்றைக் கோடு. என் கையில் ஒலிபெருக்கி இருந்தது. எதுவும் சொல்ல அனுமதியில்லை.

கை இறங்கியது. விளக்கு வெள்ளையாகவே இருந்தது.

ஹால்கெய்ர் விசிலை ஊதினார். வரிசையை ஒரு முறை பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "கடைசியில ஒருத்தர் தப்பு. பாவம்."

"இல்ல," என்றேன். "ஒருத்தர்தான் சரி."

அவர் என்னைப் பார்த்தார். "அப்ப நான்?"

"நீயும் தப்புதான்."

விசிலை மேலங்கிக்குள் செருகிக்கொண்டார். பிறகு, "ஏன்னு அவ சொன்னா எனக்குப் போதும்," என்றார். "காரணம் ஒண்ணே ஒண்ணு. இல்லன்னா பொத்தான் அழுத்தினது மட்டும்தான் இருக்கு."

"பேசச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"ரூனா."

"மாட்டேன்," என்றேன். அந்த வருஷம் நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. ஒலிபெருக்கியைத் தூக்கி விடையை மட்டும் சொன்னேன். "சரியான விடை வெள்ளை."

எதிர்க்கரை கொதித்தது.

"என்னது வெள்ளை?" இது எஸ்கில். "பக்கத்துல இருந்தா இப்படியா குளிரும்? சூரியனையே காணோம். யாராவது வெள்ளை போட்டீங்களா? ஒருத்தராவது?"

முக்காடுகள் திரும்பின. விளக்குகள் திரும்பின. ஒவ்வொன்றாக எல்லா வெளிச்சமும் வலது கோடிக்குப் போய் அவள் மேல் விழுந்தது. நீல மேலங்கி, கம்பளிக் குல்லாய், கம்பியைப் பிடித்திருந்த கைகள் எல்லாம் தெரிந்தன. அவள் வாழ்நாளெல்லாம் ஒளிந்துகொண்டது இந்த ஒரு நிலைக்குப் பயந்துதான் என்று நினைத்தேன். ஓடிவிடுவாள் என்றும் நினைத்தேன்.

"பக்கத்துலதான் இருக்கோம்," என்றாள் இல்வா.

சின்னக் குரல்தான். ஆனால் தண்ணீர் அசையாமல் இருந்தது, ஒவ்வொரு சொல்லும் எங்கள்வரை வந்தது.

"அப்ப ஏன் குளிருது?" என்றான் எஸ்கில்.

"பூமி சாஞ்சிருக்கு. நம்ம முனை இப்ப அந்தப் பக்கம் திரும்பி நிக்குது. அடுப்புக்கு எவ்வளவு கிட்ட வேணா போ. முதுகைக் காட்டிக்கிட்டு நின்னா உன் மூக்கு குளிரும்ல? நாமதான் மூக்கு. தென்கோடியில இருக்கிறவங்களுக்கு இப்ப சூரியன் மறையறதே இல்ல."

ஹால்கெய்ரின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் எஸ்கில். குரலில் கேலி இல்லை. நிஜமாகவே கேட்டான்.

"கேள்வி வந்தா யோசிப்பேன். நீ கத்துவே. போன வருஷமும் நிலா கேள்விக்கு இப்படித்தான் கத்தினே. கடைசிக்கு முந்தின இடம் வந்தே."

"வேற பேர்லதானே விளையாடினேன். நான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"'அழகன்'னு வேற யாரு பேர் வெச்சுப்பாங்க?" யாரோ சிரித்தார்கள். இல்வா கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தாள். "மேலேர்ந்து பாத்தா கீழ இருக்கிறவங்க எல்லாம் நல்லாத் தெரிவாங்க."

"மேலேர்ந்தா? நீ எங்க இருந்தே மேல?"

அவள் முக்காட்டைப் பின்னால் தள்ளினாள்.

"கடலட்டை," என்றாள்.

முதலில் மார்தேதான் கத்தினாள். பிறகு துறை முழுவதும் கத்தியது. காலால் பலகையை உதைத்தார்கள், கையுறைக் கைகளால் கம்பியை அடித்தார்கள். மீன்கிடங்கின் கதவைத் திறந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். எஸ்கில் வரிசையைவிட்டு ஓடிப்போய், அவளைத் தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல், கடைசியில் கையை நீட்டினான். அவள் குலுக்கினாள்.

"ஒரு வருஷம் பூரா என் பின்னாடியே உக்காந்திருந்திருக்கே," என்றான்.

"உன் முதுகு பெரிசு. நல்லா மறைக்கும்."

நான் ஒலிபெருக்கியைக் கீழே வைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்து இமையில் உறைந்தது, துடைக்க வசதியாக இருந்தது. ஹால்கெய்ர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு கடிதம் குறையுது," என்றார். "மதிப்பிட இருக்கு. நிறையவே இருக்கு. இன்னைக்குப் பார்த்ததை அப்படியே எழுதிக் குடு, நானும் கையெழுத்துப் போடறேன்." ஒரு அடி நடந்துவிட்டு நின்றார். "என் விளக்கைப் பத்தி மட்டும் எழுத வேண்டாம்."

"எழுதத்தான் வேணும்," என்றேன். "அதைப் பாத்தும் அவ மாத்தல. அதுதான் பெரிய ஆதாரம்."

அவர் யோசித்துப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

எதிரே விளக்குகள் மறுபடி எங்கள் பக்கம் திரும்பின. ஒருவரும் சொல்லவில்லை, எல்லாம் வெள்ளையாகியிருந்தன. தண்ணீரில் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, சுவரின் கற்கள்வரை வெளிச்சமாக இருந்தது. வாஃபிள் மாவு வீட்டில் இன்னும் பிரிக்காமல் இருப்பது ஞாபகம் வந்தது.

"ஹால்கெய்ர்," என்று தண்ணீரைத் தாண்டி எஸ்கிலின் குரல் வந்தது. "உன் விளக்கு இன்னும் சிவப்பாவே இருக்கு."